நான்காவது வாரத்துக்குப் பிறகு

கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்களில் பலரை வாரத்துக்கு 5 நாள் என ஐந்தாறு வாரங்கள் வரச்சொல்வார்கள். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான். திருப்பூரிலிருந்து கோவைக்குப் போய்வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு பெண், "எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்துட்டா என்னங்க?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. நல்ல செல், புற்றுச்செல் இரண்டுமே அடிபடும். ஆனால் நல்ல செல்கள் அறுந்ததை அடுத்த நாளைக்குள் பெருமளவு சரிசெய்துகொள்கின்றன. புற்றுச்செல்கள் பலவற்றுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் கதிர்வீச்சின் அளவைப் பிரித்துத் தினமும் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்.

வியப்பு அடுத்து வருகிறது. கட்டியில் பெரும்பகுதி அழிந்ததும், மிஞ்சிய செல்களுக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் தாராளமாகக் கிடைக்கின்றன. பாதி களையெடுத்துவிட்ட வயலில் மிச்சக் களை செழிப்பதுபோல, அவை முன்பைவிட வேகமாகப் பெருகுகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் இந்த வேகம் ஏறக்குறைய நான்காவது வாரத்தில் தொடங்குகிறது என்று விதர்ஸும் சக ஆய்வாளர்களும் 1988-இல் காட்டினார்கள். அதன்பின், வளர்ச்சியை ஈடுகட்டுவதற்கு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு தேவைப்படுகிறது. வழக்கமான ஒருநாள் அளவே 2 கிரேதான். கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இதே ஆபத்து உண்டு. அதற்கான முழுச் சிகிச்சையையும், உள்கதிர்வீச்சு உட்பட, 8 வாரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, கொரோனா ஊரடங்கு வந்த 2020-ஐப் பார்க்கவேண்டும். மார்ச் 25 முதல் மே முடிய தமிழ்நாட்டில் பொது பஸ் ஓடவில்லை. ஜூன் மாதம் சில வாரம் ஓடி நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பஸ் திரும்பி வந்தது செப்டம்பர் 7-இல். அவசர சிகிச்சைக்குப் பாஸ் கிடைத்தது, உண்மைதான். ஆனால் பாஸில் ஏறிப் போகமுடியாது, வண்டி வேண்டும். கம்பெனி மூடிக் கூலியும் நின்ற வீட்டில் தினமும் கார் பிடிப்பது எப்படி?

நாடு முழுவதும் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கை தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பின் மருத்துவர்கள் தொகுத்து 2021-இல் வெளியிட்டார்கள். 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவான நோயாளிகள் 1,12,270 பேர். அடுத்த ஆண்டு அதே 3 மாதத்தில் 51,760. பெரிய அறுவைசிகிச்சைகள் பாதியாகக் குறைந்தன. கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் 23 சதவீதம் குறைந்தார்கள். என்னை அதிகம் கலங்கவைப்பது முதல் எண்தான். வராத அந்த அறுபதாயிரம் பேருக்கும் நோய் இல்லாமல் போய்விடவில்லை.

தாமதத்தின் விலையையும் அளந்திருக்கிறார்கள். 7 வகைப் புற்றுநோய்களில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2020 நவம்பரில் ஓர் ஆய்வு வந்தது. அறுவைசிகிச்சை 4 வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்றது அது. எல்லாப் புற்றும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. புராஸ்டேட் புற்றுநோயில் பல வகைகள் மாதக்கணக்கில் பொறுக்கும். மார்பகக் கட்டி விஷயம் வேறு. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். ஒரே செல்லிலிருந்து அங்கே வர 30 முறை இரட்டிப்பு. கட்டி 2 சென்டிமீட்டர் ஆக இன்னும் 3 முறை போதும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததை, "ஷிப்மென்ட் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைப்பது திருப்பூரில் பெருந்தொற்றுக்கு முன்பும் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஒரு பதில் அதே 2020 ஏப்ரலில் வந்தது. பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் 15 தவணையாகக் கொடுத்துவந்த கதிர்வீச்சை 5 தவணையில், ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று தெரிந்தது. நோய் திரும்பாமல் தடுப்பதில் ஐந்தாண்டு முடிவில் அது சளைக்கவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அந்த 8 வாரக் கெடு அப்படியே நிற்கிறது. ஆனால் பொருந்துகிறவருக்கு, கோவைக்கு 15 நாள் கூலி இழந்து போவது 5 நாளாகிறது.