மார்பகப் புற்றுநோய்: பொறுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள்

பயாப்ஸி முடிவு வந்ததும் நம் வீடுகள் பலவற்றில் முதலில் நடப்பது, அந்தத் தாளைச் சம்பந்தப்பட்டவரின் கண்ணில் படாமல் எடுத்து வைப்பதுதான். கணவரும் மகனும் தனியாகப் போய் மருத்துவரைப் பார்ப்பார்கள். "அம்மாகிட்ட சாதாரணக் கட்டின்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டுக்கொள்வார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால், அறுவை யாருடைய உடம்பில் நடக்கப்போகிறதோ, அதன் பிறகு ஐந்து வருடம் மாத்திரை விழுங்கப்போவது யாரோ, அவர் அந்த அறையில் இல்லை. பின்னால் முடி கொட்டும்போதும், விரல் மரத்துப்போகும்போதும், இது எதனால் என்று தெரியாமல் தவிக்கப்போவதும் அவரேதான்.

2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம். முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி நிறைய எழுதப்படுகிறது. கண்டுபிடித்த பிறகு என்ன என்பது பற்றித்தான் எழுதப்படுவதில்லை.

அவசரம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

"நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று பதறுகிறவர்கள் ஒரு பக்கம். "கத்தி வெச்சா பரவிடும்" என்று நாட்டு மருந்து தேடிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே பயத்தின் வேலை.

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் மாதங்கள், வருடங்களாக உள்ளே வளர்ந்து வந்த ஒன்று. பரிசோதனைகளை முழுமையாக முடிக்கவும், வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கவும் ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. கெடுதல் வருவது மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போடும்போது. முள்சீத்தாப்பழக் கஷாயத்தை நம்பிக் காத்திருந்து, கட்டி தோலை உடைத்துக்கொண்டு வந்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதலில் வந்திருந்தால் குணமாக்கியிருக்கக்கூடிய நோய் அது. அறுவை செய்வதால் புற்றுநோய் பரவுகிறது என்பது உண்மையல்ல. ஊசி வைத்துத் திசு எடுப்பதாலும் பரவுவதில்லை.

அறிக்கையில் மூன்று பெயர்கள்

எல்லா மார்பகப் புற்றுநோயும் ஒன்றல்ல. அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்தை நமக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு விடை பயாப்ஸி அறிக்கையிலேயே இருக்கிறது. இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். அவை பாசிட்டிவ் என்றால், அந்தக் கட்டி பெண்மைச் சுரப்பை உண்டு வளர்கிறது; அதைத் தடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி பலன் தரும். 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து வரும்வரை, ஹெர்2 வகை மிக மோசமான ஒன்றாகக் கருதப்பட்டது. இன்று நிலைமை தலைகீழ். இந்தியாவிலேயே தயாராகும் இணை மருந்துகள் வந்தபின் விலையும் இறங்கியிருக்கிறது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை. கீமோவே முதன்மை ஆயுதம், சிலருக்கு அதனுடன் நோயெதிர்ப்பு மருந்தும் சேரும்.

ஹெர்2 இடத்தில் "2+" என்று இருந்தால் அது முடிவான பதில் அல்ல. ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனை தேவை. பணம் மிச்சம் என்று அதை விட்டுவிடக் கூடாது.

மார்பை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா?

"மொத்தமா எடுத்துட்டா நிம்மதி" என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் வெட்டி எடுக்கும் முறையைப் பரப்பினார். அது தேவைதானா என்று துணிந்து கேட்டவர்கள் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் உம்பர்டோ வெரோனேசியும். 1970-களில் இருவரும் தனித்தனியே ஆய்வுகளைத் தொடங்கினார்கள். 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்த பெண்களும், முழு மார்பையும் எடுத்த பெண்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர்வாழ்ந்தார்கள்.

ஆகவே, ஆரம்ப நிலைக் கட்டி என்றால் "மார்பைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்பது பேராசை அல்ல, நியாயமான கேள்வி. கட்டி பெரிதாக இருந்தாலும், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யும் வழி பலருக்கு உண்டு. மார்பிலேயே பல இடங்களில் கட்டிகள் இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க முடியாத உடல்நிலை என்றாலோ மார்பை எடுப்பதே சரி. முழுதாக எடுத்தாலும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வயதான பெண் என்பதற்காக, "இனி எதுக்கு அது" என்று மற்றவர்கள் தீர்மானிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அறுபது வயதிலும் அவருடைய உடம்பு அவருடையதே.

குழந்தை பெற விரும்பும் இளம்பெண்கள் கீமோ தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாக்கும் வசதி இருக்கிறது. தொடங்கிய பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும்.

கீமோ நாட்களில்

கீமோவைப் பற்றிய பயத்தில் பாதி, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த காட்சிகளிலிருந்து வருவது. அன்று வாந்தியைக் கட்டுப்படுத்த இவ்வளவு நல்ல மருந்துகள் இல்லை. இன்று இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சரியாக எடுத்துக்கொண்டால்தான் பலன். வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவது தாமதம். எழுதிக் கொடுத்த வேளைக்கு, வாந்தி இல்லாவிட்டாலும் போட வேண்டும். ஓலான்சபின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தால், வீட்டுப் பிள்ளைகள் இணையத்தில் தேடி "இது மனநோய்க்கான மருந்தாச்சே" என்று நிறுத்திவிடுவது உண்டு. சிறிய அளவில் அது வாந்திக்கு மிக நல்ல மருந்து. தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அட்ரியமைசின் என்ற சிவப்பு நிற மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவந்து போகும். ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள். இம்மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் தொடங்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். டிராஸ்டுசுமாப் போடுகிறவர்களுக்கும் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ தேவை.

முதல் தவணைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக வரத் தொடங்கும். பின்னல் நம் பெண்களின் முகத்தில் ஒரு பகுதி. அதைப் போய்ச் சின்ன விஷயம் என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் முடி மறுபடி முளைக்கத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காய்ச்சல். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை. பாராசிட்டமால் போட்டுப் படுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய், "கீமோ எடுத்துக்கிட்டு இருக்கேன், காய்ச்சல் வந்திருக்கு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் முதல் தவணைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசிக்குப் பிறகு இடுப்பும் முதுகும் கடுமையாக வலிக்கலாம். அது எலும்பு மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி. ஓரிரு நாளில் தணியும்.

பாக்லிடாக்சல் எடுத்துக்கொள்ளும்போது விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போகலாம். ரவிக்கை ஊக்கைப் போட முடியவில்லை, செருப்பு கழன்று போவது தெரியவில்லை என்றால் அதை அடுத்த தவணைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், மாற்றலாம். சொல்லாமல் விட்டால் அந்த மரத்துப்போதல் நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும். "ட்ரீட்மெண்ட்ன்னா அப்படித்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிற நம் பெண்களின் பழக்கம் அதிகம் கெடுப்பது இங்கேதான்.

சாப்பாடு? சர்க்கரை, பால், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உறவினர்கள் பட்டியல் கொண்டுவருவார்கள். கீமோவின்போது உடம்பு மெலிவதுதான் ஆபத்து. முட்டை, பருப்பு, நன்றாக வேகவைத்த மீன், தயிர்சாதம், எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வாய்ப்புண் வந்தால் வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்து கொப்பளியுங்கள்.

கரண்ட் வைப்பது

கதிர்வீச்சை ஊரில் "கரண்ட்" என்றுதான் சொல்கிறார்கள். அதனாலேயே ஷாக் அடிக்கும், உள்ளே வெந்துவிடும் என்ற பயம். கொடுக்கும்போது எதுவும் தெரியாது. முன்பு ஐந்து வாரம் எடுத்த சிகிச்சை இப்போது பலருக்கு மூன்று வாரத்திலேயே முடிகிறது. சில நாட்களில் தோல் கறுக்கும், அசதி வரும். வீட்டுக்கு வந்து பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக்கொள்ளலாம். வெளியிலிருந்து இயந்திரம் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. மஞ்சளோ எண்ணெயோ அந்த இடத்தில் கேட்காமல் தடவாதீர்கள்.

கை வீக்கம்

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு, அறுவை முடிந்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் கை வீங்கலாம். வளையல் இறுகுவதே முதல் அறிகுறி. அந்தக் கட்டத்தில் காட்டினால் அழுத்த உறையும் மசாஜும் கட்டுப்படுத்திவிடும். யானைக்கால் போல் ஆன பிறகு கடினம். எல்லா நெறிக்கட்டிகளையும் எடுக்காமல், முதல் நெறிக்கட்டியை மட்டும் சாயம் செலுத்திக் கண்டுபிடித்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். கையை அசைக்கவே கூடாது என்பது பழைய அறிவுரை. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். எடை தூக்குவதையும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

மாத்திரை வருடங்கள்

எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், முடி வளர்ந்துவிட்டது, வீடு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இப்போது தொடங்குகிறது தமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல், தினம் ஒன்று, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். ஹார்மோன் வகைப் புற்றுநோய் திரும்பி வராமல் காப்பதில் இந்தச் சிறு மாத்திரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சத்தமில்லாமல் பாதியில் நிறுத்தப்படுவதும் இதுதான்.

நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் கலையும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் எடுப்பவர்களுக்குக் காலையில் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். அதற்கெல்லாம் வழி உண்டு. தினமும் நடப்பதும் உடற்பயிற்சியும் மூட்டு வலியைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே வகையில் இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம். லெட்ரோசோல் வகையில் எலும்பு தேய்வதால் அதன் அடர்த்தியை ஸ்கேனில் பார்த்து, கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்துக்கொள்ள வேண்டும். தமாக்சிஃபென் எடுப்பவர்கள், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். மன அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரைகளில் பராக்ஸெட்டினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் தமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் தமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பெண்ணுறுப்பு வறண்டு, தாம்பத்தியம் வலியாகிப்போவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத வழுவழுப்பான ஜெல்கள் இருக்கின்றன. கணவன்மார்கள் இதை மனைவியின் விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணமும் மனமும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் அடங்கும். நகையை அடகு வைக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை குறைந்த செலவில் சிகிச்சை தருகின்றன. தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால், 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவையைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு சிறு நோட்டு கொண்டுபோங்கள். எந்த நாளில் என்ன தொந்தரவு, எவ்வளவு நேரம் என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, மருத்துவர் கேட்காவிட்டாலும் எடுத்துப் படியுங்கள். கூட வருகிறவர்களே, நோயாளிக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.