முந்நூற்றுப் பதினாலரை, ஆக்ஸ்ஃபோர்டு தெரு: இந்தத் துப்பாக்கிக் கடையைத் தெரியுமா?

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 314½ என்ற கதவிலக்கத்தோடு ஒரு கடை இருந்தது, தெரியுமா? அச்சுப்பிழை இல்லை, முந்நூற்றுப் பதினாலரையேதான்! தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆளின் கை நீளம், கழுத்து நீளம், தோள் அகலம் எல்லாம் பார்த்து அவருக்கென்றே துப்பாக்கி செய்துகொடுத்த கடை அது. கடைக்காரர் ஜேம்ஸ் பர்டி. 1784இல் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் ஒரு கொல்லருக்குப் பிறந்த பிள்ளை. அவர் 1814இல் தொடங்கிய தொழில் இரண்டு நூற்றாண்டைத் தாண்டி இன்றும் அதே பெயரில் நடக்கிறது!

அந்தப் பெயர் எப்படி எழுந்தது என்று பார்க்கப் புகுந்தால், பறவை சுடப் போன ஒரு பாதிரியார், திவாலாகிப் போன ஒரு மேதை, குதிரை லாட ஆணி, விளக்குக் கரி, ரயில்வண்டி என்று எதிர்பாராத ஆட்களும் பொருள்களும் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன.

பர்டிக்குப் பதினான்கு வயதானபோது, 1798இல், சகோதரியின் கணவரான தாமஸ் கெக் ஹட்சின்சனிடம் தொழில் பழகச் சேர்த்தார்கள். ஹட்சின்சன் துப்பாக்கி செய்பவர். ஏழாண்டுப் பயிற்சி. 1805இல் அது முடிந்ததும் இளைஞர் நேரே போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அன்றைய இங்கிலாந்தின் தலைசிறந்த துப்பாக்கிக் கைவினைஞர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஜோசப் மேன்டனின் பட்டறை!

மேன்டன் சாதாரண ஆள் இல்லை. நீளமும் கனமுமாக இருந்த வேட்டைத் துப்பாக்கியைக் கைக்கு அடக்கமான, எடை சீராக அமைந்த இரட்டைக் குழல் துப்பாக்கியாக மாற்றியதில் பெரும்பங்கு அவருடையது. இரண்டு குழல்களுக்கும் நடுவே மேலே உயர்ந்து ஓடும் அந்தப் பட்டை இருக்கிறதே, கண் அதன்மேல்தான் ஓடிக் குறியைப் பிடிக்கும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழும் அந்த அமைப்புக்கு 1806இல் காப்புரிமை பெற்றவர் மேன்டன். குறி தாழ்ந்து போகும் பழைய தொல்லைக்கு அது மருந்து. அவருடைய சுடுபயிற்சிக் கூடத்துக்குக் கவிஞர் பைரன் பிரபு வந்து குறி பழகியிருக்கிறார்! அந்த ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று பாருங்கள்: ஜேம்ஸ் பர்டி, தாமஸ் பாஸ், வில்லியம் கிரீனர். ஒவ்வொருவரும் பின்னால் தனித்தனியே பெயர் நாட்டிய முதலாளிகள். அந்த மனிதர் மட்டும் இல்லாவிட்டால் நாமெல்லாம் வெறும் கொல்லர்களாகவே இருந்திருப்போம் என்ற பொருளில் பர்டி பின்னாளில் சொன்னதாகத் துப்பாக்கித் தொழிலில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சொன்னவர் ஒரு கொல்லர் மகன் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சின் கனம் தெரியும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துப்பாக்கியின் வரலாறு திரும்பியது காட்டுப் பறவைகளால்தான், தெரியுமா?

ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்கு அருகே பெல்ஹெல்வி என்ற சிற்றூர். அங்கே பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித். ஓய்வு நேரத்தில் பறவை வேட்டை, வீட்டில் ரசாயனச் சோதனை. அன்றைய துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் இயங்கியது. விசையை இழுத்தால் குதிரை எனப்படும் சுத்தியல் விழும், அதன் வாயில் கவ்விய கல் எஃகில் உரசும், பொறி பறந்து கிண்ணியில் உள்ள வெடிமருந்து பற்றும், அந்தத் தீ ஒரு சிறு துளை வழியாக உள்ளே போய்க் குழலின் மருந்தைக் கொளுத்தும், அப்புறம்தான் வெடி! கிண்ணியில் மின்னும் வெளிச்சத்தைக் கண்ட நீர்ப்பறவை ஈய ரவை வந்து சேர்வதற்குள் முங்கிவிடும். பாதிரியார் முதலில் அந்த வெளிச்சத்தை மறைக்க ஒரு மூடி செய்து பார்த்தார். பிறகு, வெளிச்சமே வராமல் செய்தால் என்ன என்று யோசித்தார். அடி பட்டாலே வெடிக்கும் உப்புகள் அப்போது ரசாயன உலகுக்குப் புதிது. அதில் ஒரு சிட்டிகையைச் சுத்தியால் அடித்து அந்தத் தீயைக் குழலுக்குள் செலுத்தும் பூட்டு ஒன்றை 1805 வாக்கில் செய்தே முடித்தார். கல் போயிற்று, கிண்ணி போயிற்று, தாமதம் போயிற்று!

அடுத்து நடந்தது இன்னும் வியப்பு. 1806இல் லண்டன் கோபுரக் கோட்டையில் அவருக்கு ஒரு பட்டறை ஒதுக்கிக் கொடுத்தார் படைக்கலத் துறைத் தலைவர் மொய்ரா பிரபு. இந்தப் பெயர் நமக்கு அயலானது இல்லை. 1813 முதல் 1823 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து கூர்க்காக்களோடும் மராட்டியரோடும் போர் நடத்திய ஹேஸ்டிங்ஸ் பிரபுதான் அவர். பட்டறை கொடுத்த மறு ஆண்டே மொய்ரா படைக்கலத் துறைப் பதவியை விட்டதும் சாதம் பிரபு வந்தார். புதியவருக்கு ஃபோர்சித்தின் வேலையில் நம்பிக்கை இல்லை. உமது குப்பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பும் என்று சொல்லிவிட்டதாகக் கதை. பாதிரியார் தளரவில்லை. 1807இல் காப்புரிமை வாங்கினார். அந்த விண்ணப்பத்தைச் சட்ட ஓட்டை இல்லாமல் எழுதத் துணைநின்றவர் நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்! அந்தப் புதுப் பூட்டை விற்க 1808இல் லண்டன் பிக்கடில்லியில் 10ஆம் எண்ணில் ஒரு நிறுவனம் திறந்தார்கள்.

அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் யார் தெரியுமா? நம் ஜேம்ஸ் பர்டி! மேன்டனிடம் மூன்றாண்டு இருந்துவிட்டு, துப்பாக்கிக் கட்டை செதுக்குபவராகவும் பூட்டுக்கு அரம் போடுபவராகவும் ஃபோர்சித்தின் நிறுவனத்துக்கு வந்தார். துப்பாக்கிக்கு உருவம் கொடுப்பதில் முதல் ஆளிடம் பழகிய கை, அதற்குப் புது நெருப்பு கொடுத்தவரின் பூட்டையும் தொட்டது. இந்த இரண்டும் ஒரே ஆளின் கைக்குள் வந்ததில்தான் பர்டி என்ற பெயரின் வேர் இருக்கிறது என்பது என் துணிபு. மேன்டனும் ஃபோர்சித்தும் பின்னால் காப்புரிமைக்காக நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள், வென்றது பாதிரியார் தரப்பு. பர்டியோ இரண்டு பேரிடமும் கற்றதை எடுத்துக்கொண்டு, முப்பதாவது வயதில், லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய பிரின்சஸ் தெருவில் சொந்தக் கடை போட்டார். ஆண்டு 1814.

அந்தக் காலத்து உயர்ந்த குழல் எதிலிருந்து செய்யப்பட்டது தெரியுமா? தேய்ந்த குதிரை லாட ஆணிகளிலிருந்து! லாடம் அடிக்கும் இடங்களிலிருந்து பழைய ஆணித் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். ஆணியாகும்போதே அடிபட்டு அடிபட்டுப் பதமான இரும்பு அது. துண்டுகளை உருட்டித் துருவைப் போக்கி, காய்ச்சி ஒன்றாக அடித்து, பட்டையாக இழுத்து, ஓர் இரும்புக் கம்பியின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி, மறுபடியும் காய்ச்சி அடித்தால் குழல். மேலே நெளிநெளியாகத் தெரிகிற கோலம் வண்ணம் தீட்டியது இல்லை, அந்தச் சுருளின் தடம்!

விளக்குக் கரியை இந்தத் தொழிலின் மிக நுட்பமான அளவுகோலாக வைத்திருந்தார்கள் என்பது தெரியுமா? இரும்புப் பாகத்தின்மேல் விளக்குப் புகைக் கரியைப் பூசுவார்கள். அது உட்காரவேண்டிய வால்நட் மரக் கட்டையிலோ மற்றொரு இரும்பிலோ வைத்து அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம் உரசுகிற இடம். அங்கே மட்டும் உளியாலோ அரத்தாலோ ஒரு மயிரிழை எடுப்பார்கள். மறுபடி கரி, மறுபடி அழுத்தம், மறுபடி ஒரு மயிரிழை. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகக்கண்கூட நுழையாத அளவுக்கு வரும்வரை இதே வேலை. கணினி எந்திரங்கள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் உயர்ந்த லண்டன் பட்டறைகளில் கடைசிப் பொருத்தம் இப்படித்தான் நடக்கிறது. துப்பாக்கி உயிர் எடுக்கும் பொருள்தான், அதை மறக்க முடியாது. ஆனாலும் இந்தக் கைப்பொறுமையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை தானாகக் குவிகிறது.

செய்து முடித்தால் மட்டும் விற்றுவிட முடியாது. துப்பாக்கிக்கும் பரீட்சை உண்டு! லண்டன் துப்பாக்கி செய்பவர்களின் சங்கத்துக்கு 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் சாசனம் கொடுத்தார். அந்தச் சங்கத்தின் சோதனைக் கூடத்தில், வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்து கிட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை, வெடித்தால் குப்பை. சோதிக்காத துப்பாக்கியை விற்பது குற்றம் என்ற சட்டம் 1813இல், பர்டி கடை திறப்பதற்குச் சரியாக ஓராண்டு முன்பு வந்தது. அந்தக் கூடம் இருந்தது பர்டி பிறந்த அதே ஒயிட்சேப்பலில். இன்றும் அங்கேயே இருக்கிறது!

நம் ஊரிலும் பன்னிரண்டு போர் துப்பாக்கி என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு என்ன தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகுமோ அதுவே பன்னிரண்டு போர். வாய் அகலம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. இருபது போர் பன்னிரண்டைவிடச் சின்னது!

மேன்டன் கதைக்கு வருவோம். அவர் பீரங்கிக் குண்டு ஒன்றை உருவாக்கி, அதற்காக அரசின் படைத்துறையோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார். பணம் கரைந்தது. 1826இல் திவாலானார். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் அவர் இருந்த இடத்துக்கு அதன்பின் குடிவந்தவர் யார்? ஒருகாலத்தில் அவரிடம் கட்டை செதுக்கிய ஜேம்ஸ் பர்டி! அந்த முந்நூற்றுப் பதினாலரை இதுதான். தொழிலாளி வந்து முதலாளியின் இடத்தில் பெயர்ப்பலகை மாட்டினார். மேன்டன் 1835இல் காலமானார். விக்டோரியா அரியணை ஏறிய மறு ஆண்டே, 1838இல், அரசியின் பெயரில் ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கி பர்டியிடம் வாங்கப்பட்டது.

பர்டியின் மகனுக்கும் ஜேம்ஸ் என்றே பெயர், பிறப்பு 1828. தந்தை மகன் என்றதும் இங்கே இன்னொரு தந்தை மகனையும் சொல்லாமல் போக முடியாது. 1851இல் லண்டன் பளிங்கு மாளிகைப் பெருங்கண்காட்சிக்குப் பிரான்சிலிருந்து லெஃபோஷே என்பவரின் துப்பாக்கி வந்தது. வாய் வழியாக மருந்தைக் கொட்டிக் கிட்டிக்க வேண்டாம். குழலைக் கீழ்நோக்கி மடித்துப் பின்பக்கம் தோட்டாவைச் செருகினால் போதும்! ஆங்கிலேயத் தொழில் உலகம் இரண்டாகப் பிளந்தது. மேன்டனிடம் இருந்த அந்த வில்லியம் கிரீனர் இதெல்லாம் நிலைக்காது என்று புத்தகமே எழுதினார். அவருடைய மகனோ இதுதான் எதிர்காலம் என்று தந்தையைப் பிரிந்து தனித் தொழில் தொடங்கினார். பர்டி வீட்டில் அப்படி நேரவில்லை. பெரியவர் 1858இல் கடையை மகனிடம் ஒப்படைத்தார்; மகன் புதுவழியில் இறங்கினார்.

மடக்கும் துப்பாக்கியில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. வெடிக்கும் வேகத்தில் மடிப்பு விட்டுப்போனால் சுடுபவரின் முகம் என்னாகும்? சின்னவர் 1863இல் விடை கண்டார். குழலுக்கு அடியில் இரண்டு வெட்டுகள்; குழலை மூடியதுமே வில்லின் விசையால் ஒரு தாழ் தானாக ஓடிவந்து அந்த இரண்டு வெட்டுகளிலும் கவ்விக்கொள்ளும். தனியே எதையும் திருகிப் பூட்டவேண்டியதில்லை! பர்டித் தாழ் என்றே பெயர் பெற்றது. காப்புரிமைக் காலம் தீர்ந்ததும் உலகமே அதை எடுத்துக்கொண்டது. இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இன்றுவரை அந்த அமைப்பு தொடர்கிறது. பெரியவர் அதே 1863இல் மறைந்தார்.

ஜிம் கார்பெட்டின் புலிக் கதைகளைப் படித்தவர்களுக்கு எக்ஸ்பிரஸ் துப்பாக்கி நினைவிருக்கும். அந்தப் பெயர் ரயில்வண்டியிலிருந்து வந்தது தெரியுமா? 1856இல் பர்டி கடை ஒரு ரைஃபிளை வெளியிட்டது. எடை குறைந்த குண்டு, தாராளமான மருந்து. குண்டு அவ்வளவு வேகமாகப் போனதால், நடுத்தரத் தூரங்களில் குறியை ஏற்றி இறக்கிப் பார்க்கத் தேவையே இல்லை. நாட்டையே வியக்கவைத்த புதுமை அப்போது ரயில்தான். ஆகவே எக்ஸ்பிரஸ் டிரெயின் என்று பெயர் வைத்தார்கள். டிரெயின் உதிர்ந்துபோய் எக்ஸ்பிரஸ் மட்டும் இந்தியக் காடுகள்வரை வந்துசேர்ந்தது!

1868இல் பர்டி கடைக்கு வேல்ஸ் இளவரசரின் அரச நியமனம் கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் மேஃபேர் பகுதியில் ஆட்லி ஹவுஸ் என்ற சொந்தக் கட்டடத்துக்குக் கடை மாறியது, இன்றும் அங்கேதான். நெம்பியைத் தள்ளியதும் தானே திறந்துகொள்ளும் துப்பாக்கி என்று பர்டி புகழ் பெற்றிருக்கிறதே, அது பர்டி குடும்பத்தின் கண்டுபிடிப்பு இல்லை தெரியுமா? அங்கே வேலை பார்த்துப் பிரிந்துபோன ஃபிரெடரிக் பீசலி 1880இல் காப்புரிமை பெற்று, அதைப் பழைய முதலாளிக்கே விற்றார்!

மேன்டன் பட்டறை ஒரு தலைமுறையை வளர்த்தது என்றால் பர்டி பட்டறை அடுத்ததை வளர்த்தது. அங்கிருந்து வெளியேறிய வில்லியம் எவன்ஸ் 1883இல் தனியே கடை வைத்தபோது, தம் துப்பாக்கிகளில் தம் பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே, பர்டியிடமிருந்து வந்தவர் என்றும் பொறித்தார்.