பாட்டியின் பிறந்தநாளும் புது கேமராவும்

இந்த வருஷம் கேமரா வாங்கப்போறதில்லைன்னு போன எபிசோடில்தான் சொன்னேன். அடுத்த வாரமே பழைய டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் போச்சு. நாலு நாளில் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள். யோசிக்க நேரமில்லை, ஒரு மிரர்லெஸ் வாங்கிட்டேன்.

முதலில் பிடிச்சது வ்யூஃபைண்டர். பழையதில் வெளிச்சம் சரியா விழுந்துச்சான்னு க்ளிக் பண்ணின பிறகுதான் தெரியும். இதில் முன்னாடியே தெரியுது. அடுத்தது சைலன்ட் மோட். சத்தமே இல்லை, பாட்டி கேமரா பக்கம் திரும்பக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தா, ஹாலில் எடுத்த படங்களில் எல்லாம் குறுக்கே கருப்புப் பட்டைகள்!

காரணம் இதுதான். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் மோடில் சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும். மொத்தமும் படிக்க 1/30 நொடி ஆகுதுன்னு வைங்க, அதற்குள் விளக்கு மூணு தடவை மங்கிடும். நான் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/1000. மங்கின நேரத்தில் பதிவான வரிகள் கருப்பாகிடுச்சு.

1/100 வைத்திருந்தா ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைச்சிருக்கும், பட்டை வந்திருக்காது. 1/50-ம் சரிதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினாலும் பட்டை குறையும், ஆனா 1/1000-ல் முழுசா போகாது.

பாட்டி கேக் வெட்டின படம் ஒண்ணுகூடத் தேறலை. புது கேமராவை விசேஷத்துக்கு முன்னாடியே, அதே விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை சோதிச்சுடுங்க.