மருத்துநீரும் மூலிகைக் காட்சிச்சாலையும்



சித்திரைப் புத்தாண்டுப் புண்ணியகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மருத்துநீர் வழங்கும் வழக்கத்தை நாம் யாவரும் அறிவோம். முதியோர் அதனை இளையோரின் தலையில் தேய்ப்பர். பஞ்சாங்கம் அவ்வாண்டுக்கென விதித்த இலைகளைத் தலையிலும் காலின் கீழும் வைப்பர். அதன்பின் யாவரும் தோய்வர். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றைப் பாலோடும் கோசலத்தோடும் கூட்டிக் காய்ச்சுவதே அந்நீர். பூசைக்கு உரியனவும் வைத்தியத்துக்கு உரியனவும் ஒரே பாத்திரத்தில் ஒன்றுகூடுகின்றன.

ஆயின், காய்ச்சிய நீரைக் கண்டு செடியை அறிதல் கூடுமோ? சில ஆண்டுகளுக்கு முன் இப்பட்டியலை என் மாணவரிடம் கொடுத்து, இயன்றவற்றைக் கொண்டுவரப் பணித்தேன். ஒருவன் குளத்தில் இறங்கிச் செவ்வல்லி பறித்து வந்தான். அவன்மேற் குற்றமில்லை, செங்கழுநீர் என்பது நீர்ப்பூவின் பெயரே. சீதேவியார் செங்கழுநீரோ ஊதாநிறச் சிறுபூப் பூக்கும் ஒரு தரைப்பூண்டு. பாடசாலை வாயிலருகே, அவன் நாள்தோறும் மிதித்துவரும் மண்ணிலேயே அது முளைத்திருந்தது.

நம் முன்னோர்க்கு வேலியே மூலிகைக் காட்சிச்சாலை. ஆடாதோடையும் தூதுவளையும் முசுட்டையும் கொவ்வையும் அங்கேயே நின்றன. "ஒடித்து வா" என்று தாய் ஏவும்போதே பிள்ளை பெயரை அறிந்துகொண்டது. பின்னர் வேலிகள் மதில்களாயின. 1990இலும் 1995இலும் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வளவுகள் பின்னே நின்றுவிட்டன. செடியைக் காட்டிப் பெயர் சொல்லவல்ல முதியோர் பலர் மீண்டு வரவில்லை.

பெயர் மயங்கினால் வரும் கேடு சிறிதன்று. கார்த்திகைப்பூ, காந்தள், கலப்பைக்கிழங்கு என்பன ஒரே கொடியின் பெயர்கள். அதன் கிழங்கில் கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. உணவுக்கிழங்கென எண்ணி அதை உண்டு இறந்தோர் இந்நாட்டில் உளர்.

பெயரோடு பேணிய இலை நெடுங்காலம் வாழும் என்பதற்கும் இந்நாடே சான்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பவுல் ஹேர்மன், இங்குள்ள செடிகளை உலர்த்தி, உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். அவற்றை ஆராய்ந்தே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவ்விலைகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் உள்ளன.

நமக்கு வேண்டுவது பெருங்கட்டடம் அன்று. ஒவ்வொரு பாடசாலையிலும் நான்கு பாத்தி நிலம் போதும். செடிதோறும் ஒரு பலகை நாட்டுக. ஊர்ப்பெயர், மறுபெயர், தாவரவியற் பெயர், பயன், எச்சரிக்கை என்னும் ஐந்தையும் அதில் எழுதுக. ஐயமுள்ள செடியைக் கைதடியிலே சித்த மருத்துவம் கற்பிப்போரிடம் காட்டித் தெளிக.

வரும் புத்தாண்டில் பிள்ளையின் தலையில் மருத்துநீர் வைக்குமுன், அதிலுள்ள செடிகளில் ஐந்தையேனும் அப்பிள்ளைக்கு நேரிற் காட்டுங்கள். காட்டுவதற்கு நாமே முதலில் அறிந்திருத்தல் வேண்டும் அல்லவா?