பாடமும் ஒரு பரிசோதனைதான்

பேராசிரியர் நடத்தியது மாணவனுக்குப் புரிந்ததா? மதிப்பெண் பட்டியல் பதில் சொல்வதில்லை. மும்பை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

செம்பூரைத் தாண்டி ஹார்பர் லைன் ரயில் விரைகிறது. வாசலில் நிற்கும் பயணியின் சாவி நழுவி வெளியே விழுகிறது. விழும் சாவியின் இயக்கத்தை ரயிலை அடிப்படையாக வைத்து இனியும் கணக்கிடலாமா? தாராளமாகக் கணக்கிடலாம். ஆனால் இதுபோன்ற கேள்விகளில்தான் இயற்பியல் பட்டப்படிப்பு மாணவர்கள் சறுக்குகிறார்கள்.

இதை ஆராய்ந்தது அந்த ரயில் பாதையிலேயே, மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் 1974இல் தொடங்கிய மையம் இது. சுதிர் பான்சே, ஜெயஸ்ரீ ராமதாஸ், அர்விந்த் குமார் மூவரின் ஆய்வு 1994இல் வெளியானது. இயக்கத்தை எதை வைத்து அளக்கிறோமோ அதைப் பாடப்புத்தகம் 'குறிப்பாயம்' என்கிறது. அதை மாணவர்கள் எல்லையுள்ள ஒரு பொருளாகவே கற்பனை செய்வது ஆய்வில் தெரியவந்தது. ரயில் முடியும் இடத்தில் அதன் குறிப்பாயமும் முடிந்துவிடுகிறதாம்! சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காணும் தேர்வில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

தவறுக்குக் காரணத்தை ஊகிப்பது, பாடத்தை மாற்றுவது, மீண்டும் அளப்பது: ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வது இதைத்தான். வகுப்பறையில் மட்டும் வழக்கமே போதுமா?

2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமனின் கேள்வியும் இதுவே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரது குழு ஒரே பாடத்தை இரண்டு பெரிய வகுப்புகளில் ஒரு வாரம் நடத்திப் பார்த்தது. ஒன்றில் பெயர்பெற்ற அனுபவசாலியின் விரிவுரை. மற்றதில் அனுபவம் குறைந்த ஆசிரியர்கள். ஆனால் கேள்வி, குழு விவாதம், உடனுக்குடன் திருத்தம். 2011இல் வெளியான முடிவு: விரிவுரை வகுப்பின் சராசரி 41 சதவீதம், மற்றது 74.

தாராவியின் ஒற்றை அறை வீட்டிலிருந்து மாட்டுங்கா கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவனுக்கு இந்த வித்தியாசம் வாழ்க்கைப் பிரச்சினை. புரியாததை டியூஷனில் சரிசெய்ய அவனிடம் பணமில்லை. மான்குர்டு மையம் 1980களிலேயே மாநகராட்சிப் பள்ளிகளின் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குப் பயிற்சி தந்து, குறை திறமையில் இல்லை என்று காட்டியது. இளநிலை அறிவியல் மாணவர்களுக்கான தேசியத் திட்டத்தை 2004இல் தொடங்கியது.

பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பாடத்துக்கு முன் ஒரு கேள்வி, பின்னர் அதே கேள்வி. இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர் ஆய்வைத் தொடங்கிவிட்டார்.