பலகையின் குறையா, காலின் குறையா?

காஷ்மீரத்தில் உள்ள குல்மார்க், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைப் புல்வெளி ஆகும். கோடையில் பூக்கள் நிறைந்திருக்கும் அவ்விடம், டிசம்பர் முதல் மார்ச் வரை வெண்பனியால் மூடப்படுகிறது. உத்தராகண்டின் அவுலியும் இமாச்சலப் பிரதேசத்தின் சோலாங் பள்ளத்தாக்கும் இத்தகையனவே. ஸ்கீ எனப்படும் நீண்ட சறுக்குப் பலகைகளை இரு கால்களிலும் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் விளையாட்டைக் கற்க, மாணவர்கள் பலர் ஆண்டுதோறும் இங்கெல்லாம் வருகின்றனர். பெற்றோரின் பணியிட மாற்றத்தால் வட மாநிலங்களில் வாழும் உங்களுள் சிலரும் சென்றிருக்கக்கூடும்.

பயிற்சியின் மூன்றாம் நாள். ஒரு மாணவி இடப்புறம் நன்றாகத் திரும்புகிறாள். வலப்புறம் திரும்பும்போது மட்டும் வழுக்கி விழுகிறாள் எனக் கொள்வோம். நான்கு முறை விழுந்தபின், தனக்கு இவ்விளையாட்டு வராது என்று அவள் முடிவு செய்துவிடுகிறாள். அவள் அணிந்திருப்பதோ வாடகைக்கு எடுத்த பலகைகள். அவற்றின் விளிம்பு துருப்பிடித்து மழுங்கியிருக்கிறதா என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

குறை யாரிடம் உள்ளது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. காலணிகளைப் போல, இக்காலச் சறுக்குப் பலகைகளுக்கு இடம், வலம் என்ற வேறுபாடு பெரும்பாலும் இல்லை. ஆகவே இடக்காலின் பலகையை வலக்காலிலும் வலக்காலின் பலகையை இடக்காலிலும் மாட்டி, அதே சரிவில் மீண்டும் இறங்க வேண்டும். வலப்புறம் திரும்பும்போது உடலின் எடை பெரிதும் இடப் பலகையின் உள்விளிம்பின்மேல் விழுகிறது. அவ்விளிம்பு மழுங்கியிருந்தால் பலகை பனியைப் பற்றாது. பலகைகளை மாற்றிக்கொண்டதும் அந்த மழுங்கிய விளிம்பு வெளிப்புறம் சென்றுவிடும். அப்போது வழுக்கல் நின்றால் குறை பலகையினுடையது. மாற்றிய பின்னரும் அதே திருப்பத்தில் வழுக்கினால், எடையைச் சாய்க்கும் முறையைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாத இச்சோதனையைப் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்பித்துவிடலாம் என்பது என் கருத்து.

சறுக்குப் பலகையின் அடிப்பகுதி பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனது. அதன் இருபுறமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு விளிம்புகள் பதிக்கப்பட்டிருக்கும். அடிப்பகுதி வழுக்குவதற்கு, விளிம்பு பற்றுவதற்கு. சீர்செய்தல் என்பது இவ்விரண்டையும் தத்தம் வேலைக்கு உரியனவாக வைத்திருப்பதே.

முதலில் விளிம்பைப் பார்ப்போம். கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால், நகத்திலிருந்து வெண்ணிறத் துகள் சீவிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் விளிம்பு மழுங்கிவிட்டது. விரலின் சதையை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. அரிவாள்மணையின் கூரை அவ்வாறு எவரும் சோதிப்பதில்லை அல்லவா?

குல்மார்கில் பருவத்தின் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருப்பதால், அடியில் உள்ள கற்கள் விளிம்பில் உரசுகின்றன. உரசிய இடத்தில் எஃகு சூடேறிக் கடினப்பட்டு, சிறு பிசிறுகள் எழும். அப்பிசிறுகளின்மேல் நேரடியாக அரம் போட்டால் அரத்தின் பற்களே கெடும். எனவே வைரத்துகள் பதித்த சிறிய கல்லை நீரில் நனைத்து, பிசிறுகளை முதலில் தேய்த்து நீக்க வேண்டும். பெரும்பாலான நாள்களில் இதுவே போதுமானது.

அரம் தேவைப்படும்போது கோணம் முக்கியம். விளிம்புக்கு இரண்டு முகங்கள் உண்டு: ஒன்று அடிப்பகுதியை ஒட்டியது, மற்றொன்று பக்கவாட்டில் உள்ளது. அடிமுகம் பொதுவாக 1 பாகை அளவுக்கும், பக்கமுகம் 1 முதல் 3 பாகை வரையிலும் சாய்த்துத் தீட்டப்படுகின்றன. கையால் பிடித்து இவ்வளவு நுட்பமான கோணத்தைக் காக்க இயலாது. ஆதலால் அரத்தை ஒரு கோணச் சட்டத்தில் பொருத்தி, பலகையின் முனையிலிருந்து வால் நோக்கி, நீண்ட இழுப்புகளாக இழுக்க வேண்டும். கோணம் சரியாக உள்ளதா என்பதை அறிய, விளிம்பின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். இரண்டு மூன்று இழுப்புகளில் மை முழுவதும் சீராக நீங்கினால் கோணம் பொருந்துகிறது. மேற்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ மட்டும் மை எஞ்சினால் கோணம் தவறானது. உதிரும் எஃகுத் துகள்களை உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அவை அடிப்பகுதியைக் கீறிவிடும்.

புதிதாகக் கற்போர் பக்கமுகத்தை மட்டுமே தீட்டுவது நல்லது. அடிமுகத்தை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால், பணிமனையில் அடிப்பகுதி முழுவதையும் இயந்திரத்தால் தேய்த்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். இருப்பதே 2 மில்லிமீட்டர் எஃகு. ஒவ்வோர் அர இழுப்பும் அதில் சிறிது குறைக்கிறது.

கூர்மை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. புதிதாகப் பெய்த மென்பனியில் விளிம்புக்கு வேலை குறைவு. முந்தைய நாள் பலர் சறுக்கி இறுகிய பாதை இரவில் உறைந்து, காலையில் கண்ணாடிபோல் கிடக்கும். அங்கே மழுங்கிய விளிம்புடன் இறங்குபவரால் நினைத்த இடத்தில் நிற்க இயலாது. கீழே நிற்பவர்மீது மோதவும் நேரிடலாம். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கான் காஷ்மீரத்தைச் சேர்ந்தவர். ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். அத்தகைய உலகப் போட்டிகளின் பாதைகளில் நீரைச் செலுத்திப் பனியை வேண்டுமென்றே இறுகச் செய்வதுண்டு. அங்கே விளிம்பின் கோணத்தில் அரைப் பாகை வேறுபாடும் வீரருக்குப் புலப்படும்.

இனி அடிப்பகுதி. பலகை பனியின்மேல் நகரும்போது, உராய்வினால் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நீர்ப்படலம் தோன்றுகிறது. அப்படலமே வழுக்கலுக்குத் துணைபுரிகிறது. நீர்ப்படலம் மிகுந்தாலோ, ஈரப்பனி பலகையைப் பிடித்து இழுக்கும். குறைந்தால், குளிர்ந்த பனித்துகள்களின் கூரிய முனைகள் அடிப்பகுதியைக் குத்தித் தடுக்கும். இவ்விரு தடைகளையும் குறைப்பதற்காகவே மெழுகு பூசப்படுகிறது. கடுங்குளிருக்குக் கடின மெழுகும், உருகும் பனிக்கு மென்மையான மெழுகும் ஏற்றவை. ஒருகாலத்தில் போட்டியாளர்கள் ஃபுளூரின் கலந்த மெழுகைப் பெரிதும் நாடினர். அப்பொருள் இயற்கையில் எளிதில் சிதையாமல் தங்கிவிடுவதால், 2023-24 பருவம் முதல் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது. பள்ளி மாணவருக்குச் சாதாரண மெழுகே தாராளம்.

வீட்டில் புதிய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழக்காத கல்லில் தோசை ஒட்டிக்கொள்ளும். மெழுகிடுதலும் ஏறக்குறைய அத்தகையதே. காய்ந்த அடிப்பகுதி, விளிம்பை ஒட்டி வெளிறிய சாம்பல் நிறமாகத் தோன்றும். அதனை நன்கு துடைத்து, மெழுகுக் கட்டியைச் சூடான இஸ்திரிப்பெட்டியில் வைத்து உருக்கி, துளித்துளியாக விழச் செய்ய வேண்டும். பின்னர்ப் பெட்டியை ஓரிடத்திலும் நிறுத்தாமல் நகர்த்தி மெழுகைப் பரப்ப வேண்டும். மெழுகு புகைந்தால் சூடு மிகுதி என்று பொருள். துணி தேய்க்கும் பெட்டியின் சூடு ஏறி இறங்கும் இயல்புடையது. மெழுகுக்கென்றே செய்யப்பட்ட பெட்டி பாதுகாப்பானது. இப்பணியைக் காற்றோட்டமுள்ள அறையில், பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதே செய்யுங்கள்.

பலகை முழுவதும் ஆறிய பின், நெகிழிச் சுரண்டியால் மெழுகைச் சுரண்டி எடுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பூசியதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். பயன் தருவது அடிப்பகுதிக்குள் ஊறிய மெழுகுதான். மேலே தடித்து நிற்பது வேகத்தைக் குறைக்கும், திரும்புவதையும் கடினமாக்கும். ஆகவே கையில் மெழுகு வராத அளவுக்குச் சுரண்டி, பின்பு நைலான் தூரிகையால் முனையிலிருந்து வால் நோக்கித் துலக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இறுதிப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் ஒருபோதும் கைவைக்கக் கூடாத பகுதி ஒன்றும் பலகையில் உண்டு. காலணியைப் பலகையுடன் பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாகவே கழன்று காலைக் காக்க வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பது உங்கள் எடை, உயரம், வயது, திறன், காலணியின் அடி நீளம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதனைப் பயிற்சி பெற்ற பணியாளரே அளவிட்டு அமைக்க வேண்டும். நண்பர் அணிந்த பலகையைக் கடனாக வாங்கினாலும், பூட்டை அவரிடம் காட்டிய பிறகே சரிவில் இறங்க வேண்டும்.

நாள்தோறும் சறுக்கி முடித்ததும் விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்தால் துரு ஏறாது. பருவம் முடியும்போது தடிப்பாக மெழுகிட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டு, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அம்மெழுகு விளிம்பையும் சேர்த்து மூடியிருக்கட்டும். அடுத்த டிசம்பரில் முதல் பனி விழுந்ததும் அதைச் சுரண்டித் தூரிகையிட்டால், பலகைகள் மலைக்குச் செல்ல ஆயத்தமாகிவிடும்.