மோட்டார் எஞ்சின் கொதிப்பதேன்?

மோட்டார் வண்டியின் முகப்பிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பக் கண்டமாத்திரத்தில், வண்டிக்குடையவர் பெரும்பாலும் செய்வது யாதெனில், அதனைப் பணிமனைக்கு இழுத்துச் சென்று, எதை மாற்ற வேண்டுமோ மாற்றுக என்று ஒப்படைத்துவிடுவதேயாம். ஒரு வாரம் ரேடியேட்டர் மாற்றப்படும். மறுவாரம் தண்ணீர்ப் பம்பு மாற்றப்படும். மூன்றாம் வாரத்தில் வண்டி முன்போலவே கொதிக்கும். பணம் போயிற்றேயன்றி நோய் போனபாடில்லை. ஆயின், இந்நோயின் மூலத்தைக் கண்டறிதற்கு வேண்டிய சோதனைகளுள் பெரும்பாலானவற்றை ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே, ஏறக்குறையச் செலவின்றிச் செய்துகொள்ளலாகும். ஒரு டார்ச் விளக்கு, பழைய செய்தித்தாள்கள், ஒரு தடித்த துணி, இரண்டு சாண் மின்சாரக் கம்பி, ஓர் உஷ்ணமானி ஆகிய இவையே கருவிகள். அம்முறையை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றேன்.

பேச்சு வெறும் பொதுப்பேச்சாகாதவாறு, நாம் அனைவரும் அறிந்த இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பழைய பெட்ரோல் அம்பாசடர். மற்றொன்று மாருதி 800. முன்னது 1950-களின் பிற்பகுதி தொடங்கியும், பின்னது 1983 தொடங்கியும் செய்யப்பட்டு, இரண்டும் 2014ஆம் ஆண்டோடு நின்றுபோயின. எனினும் சிறு வருமானமுடைய குடும்பங்களில், இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் மாறி, இவை இன்னும் உழைத்து வருகின்றன. இத்தகைய வண்டியில் எஞ்சினின் தலைப்பகுதி கெடுமாயின், அதனைச் சீர்செய்யும் செலவு வண்டியின் விலையையே எட்டிப்பிடிக்கும். ஆதலின் கொதிப்பு என்பது சில்லறைத் தொந்தரவன்று. வண்டி இருக்குமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயமாகும்.

முதலாவது, உஷ்ணம் செல்லும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். உருளைக்குள் பெட்ரோல் எரியுங்கால் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்செல்லும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாதிருப்பது, அவ்வெரிவு கணநேரமே நீடிப்பதாலும், சுவர்களுக்குப் பின்னே தண்ணீர் இடையறாது ஓடிக்கொண்டிருப்பதாலுமேயாம். எரிபொருள் தரும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீரே சுமந்து செல்கின்றது. பம்பு அதனைத் தள்ளுகின்றது. தெர்மோஸ்டாட் என்னும் வாயில் திறந்து வழிவிடுகின்றது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அஃது இறங்கி வருகையில் காற்று அவ்வுஷ்ணத்தை வாங்கிக்கொள்கின்றது. உலோகம், தண்ணீர், பம்பு, வாயில், ரேடியேட்டர், காற்று ஆகிய இச்சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலே எஞ்சின் கொதிக்கும். எக்கண்ணி அறுந்தது என்பதே வினா.

இதற்கு விடை காண, பூட்டைத் திறக்கும் திறவுகோல் போன்ற கேள்வி ஒன்றுண்டு: வண்டி எப்போது கொதிக்கின்றது?

நகரத்து நெரிசலில், சிக்னலில் நிற்கையில் முள் ஏறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்குமாயின், குற்றம் பெரும்பாலும் காற்றைப் பற்றியது, விசிறியை ஐயுறுக. ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுவதால் நோய் மறைந்து நிற்கின்றது. இதற்கு மாறாக, நெரிசலில் அமைதியாயிருந்து, வேகத்திலோ மலையேற்றத்திலோ கொதிக்குமாயின், தண்ணீர் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் உட்புறம் அடைபட்டிருக்கலாம். வாயில் முழுதும் திறவாதிருக்கலாம். ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள், எங்கே ஓடினும் கொதிக்குமாயின், வாயில் மூடியபடியே நின்றுவிட்டது என்றோ, பம்பின் வார் அறுந்தது என்றோ, அல்லது அஞ்சத்தக்க காஸ்கெட் நோய் என்றோ கொள்க. இக்கேள்வியைக் கேளாமல் ரேடியேட்டரை விலைக்கு வாங்குபவர், நாடி பாராமல் மருந்து கொடுப்பவரை ஒப்பர்.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. உள்ளே 100 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீர் அழுத்தத்தினாலேயே கொதியாது அடங்கியிருக்கின்றது. மூடி நெகிழ்ந்த அக்கணமே அழுத்தம் நீங்கி, தண்ணீரின் ஒரு பகுதி ஆவியாய்ச் சீறி எழுந்து முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்குமளவும், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது, காத்திருத்தல் வேண்டும். பின்னும் துணியைப் போர்த்தே மெல்லத் திருப்புக. விடியற்காலையில் செய்வதே உத்தமம்.

குளிர்ந்த காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்துமட்டம் நிற்க வேண்டும். பலர் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் புட்டியை மட்டும் பார்த்துத் திருப்தியடைகின்றனர். புட்டி நிறைந்திருந்தும் ரேடியேட்டர் குறைந்திருக்குமாயின், குற்றவாளி பெரும்பாலும் மூடியே. இம்மூடி வெறும் மூடியன்று. இரண்டு சிறு கதவுகளையுடைய யந்திரம். ஒன்று, உள்ளழுத்தம் குறித்த அளவை மீறினால் தண்ணீரைப் புட்டிக்கு விடுகின்றது. மற்றொன்று, எஞ்சின் குளிர்ந்து சுருங்குகையில் அதே தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ள இடந்தருகின்றது. இரண்டாவது கதவு ஒட்டிக்கொண்டாலும், புட்டியிலிருந்து வரும் சிறு குழாயில் வெடிப்பு விழுந்தாலும், போன தண்ணீர் திரும்புவதில்லை.

முதற்கதவின் மகிமையைப் பௌதிக மாணவர் நன்கறிவர். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், வளிமண்டலத்தின் மேல் இன்னும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் 120 டிகிரி வரையில் கொதியாது நிற்கும். மலைமேற் செல்லச் செல்ல இதற்கு எதிராக நிகழ்கின்றது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை தாழ்கின்றது. 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ 90 டிகிரிக்குச் சற்று மேலும் கீழுமாக ஓடும்படி அமைக்கப்பட்டது. ஆகவே மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்துபோகும் ஒரு வண்டி, மதுரையில் குற்றமின்றி ஓடியும், மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறுங்கால் கொதித்தே தீரும். மூடியின் விலை சில நூறு ரூபாய்க்கு மேற்படாது. வளையம் வெடித்தோ கடினப்பட்டோ இருந்தால் அதனை முதலில் மாற்றுவதே முறை.

தண்ணீர் நாள்தோறும் குறையுமாயின் கசிவைத் தேடுக. இரவில் வண்டியின் அடியில் செய்தித்தாள்களைப் பரப்பிவைத்தால் காலையில் ஈரம் எவ்விடமெனத் தெரியும். குழாய்களின் முனைகளிலும் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்திலும் வெண்மை, பச்சை, துருநிறம் ஆகிய கறைகள் உளவோ என விளக்குக் கொண்டு பார்க்க. பம்பின் துவாரத்தில் கசிவு காணின் அதன் உள்வளையம் தேய்ந்தது. பம்பை மாற்றத்தான் வேண்டும்.

இனி விசிறி. அம்பாசடரில் விசிறி தண்ணீர்ப் பம்பின்மேலேயே அமர்ந்து, ஒரே வாரினால் சுழல்கின்றது. அதே வார் டைனமோவையும் சுழற்றுகின்றது. எஞ்சினை நிறுத்தி வாரின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கலாம். அதற்குமேல் தொய்ந்தால் வழுக்கும். ஓடும்போது உஷ்ணமுள் ஏறுதலும் பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிதலும் ஒருங்கே நிகழுமாயின், வார் அறுந்ததென்று இறங்கிப் பார்க்குமுன்னரே சொல்லிவிடலாம்.

மாருதியில் விசிறிக்குத் தனியே மின்சார மோட்டார் உண்டு. தண்ணீர் குறித்த உஷ்ணத்தை எட்டும்போது ஒரு சுவிட்சு அதனை முடுக்குகின்றது. நிறுத்திய வண்டியை ஓடவிட்டு முள் நடுவைக் கடக்கும்வரை காத்திருந்தும் விசிறி சுழலாவிடில், முதலில் பியூசைப் பார்க்க. அது நன்றாயிருப்பின், கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் சுவிட்சின் இரு கம்பிகளைக் கழற்றி, சாவியைத் திருப்பி, அவ்விரு முனைகளையும் நம் இரண்டு சாண் கம்பியால் இணைக்கலாம். விசிறி சுழன்றால் மோட்டார் நல்லது, சுவிட்சு கெட்டது. சுழலாவிடில் மோட்டாரையோ அதன் கம்பிகளையோ ஐயுறுக. சிறு சுவிட்சு ஒன்று கெட்டதற்காக விசிறி முழுவதையும் மாற்றுவித்துக்கொண்டவர் பலர். எஞ்சினைக் கணினி ஆளும் பிற்காலத்து வண்டிகளில் மட்டும் இவ்வாறு கம்பிகளை இணைத்துப் பார்த்தல் கூடாது. மின்விசிறி எஞ்சின் நின்றபின்னும் திடீரெனச் சுழலக்கூடியதாகலின், வேட்டியும் துண்டும் தாவணியும் எட்ட நிற்கட்டும்!

தெர்மோஸ்டாட்டின் சோதனை சமையலறையில் நடப்பது. அதனைக் கழற்றி, பழைய பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாதவாறு நூலில் தொங்கவிட்டு, உஷ்ணமானியோடு அடுப்பிலேற்றுக. பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும் 82, 88 போன்ற எண்ணை அணுகுகையில் அது வாய்திறக்க வேண்டும். கொதித்தும் திறவாவிடில் எறிந்துவிடுக. அப்பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுத்தலாகாது. நம் நாட்டில் சில தொழிலாளர், இவ்வெப்ப தேசத்தில் இஃது எதற்கு என்று தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். இவ்வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ளேன். வாயிலற்ற எஞ்சின் வேண்டிய உஷ்ணத்தை அடைய நெடுநேரமாகும்; அதுவரை பெட்ரோலும் மிகுதியாய்ச் செலவாகும், உருளைகளும் மிகுதியாய்த் தேயும். கொதிப்பின் மெய்க்காரணம் வேறாயின் அதுவும் மறைந்தே கிடக்கும்.

ரேடியேட்டரின் வெளிமடிப்புகளில் பூச்சியும் சேறும் அடைந்திருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெல்லிய நீரோட்டத்தால் கழுவினாற் போதும். உள்ளடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாமே ஊற்றும் கிணற்றுத் தண்ணீர். கெண்டியின் உட்புறத்தில் படியும் அதே சுண்ணாம்பு இம்மெல்லிய குழாய்களிலும் படிகின்றது. வண்டியை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியபின் அதன் முகத்தை அகச்சிவப்பு உஷ்ணமானியால் அளந்தால், அடைபட்ட பகுதி சுற்றிலுமுள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும். இக்கருவியைப் பளபளக்கும் உலோகத்தின்மேல் நாட்டினால் பொய்க்கணக்குக் காட்டும். கறுத்த பரப்பையே அளக்க வேண்டும். உஷ்ணமுள்ளை நம்பலாமா என்பதையும் இதனாலேயே சோதிக்கலாம். முள் உச்சியில் நிற்க, மேல் ரப்பர்க் குழாய் 85 டிகிரியே காட்டுமாயின், கெட்டது முள்ளாகவும் இருக்கலாம். ஆயின் தண்ணீர் முற்றும் வற்றியபோது, உணர்கருவி காற்றில் நின்று, முள் தாழ்ந்தே காட்டுவதும் உண்டு. ஆதலின் தண்ணீர் மட்டத்தைப் பாராமல் முள்ளின்மேல் பழி சுமத்தலாகாது.

கடைசியாகத் தலைக் காஸ்கெட். மாருதியின் தலைப்பகுதி அலுமினியம், அம்பாசடரினது வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவது. மரைகளால் இறுகக் கட்டுண்ட நிலையில் அளவுமீறிச் சூடேறினால் அது வளைந்துபோகும். வளைந்தபின் காஸ்கெட் தாங்காது. கொதித்த வண்டியை இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டுவதால் நேர்வது இதுவே. அதன் அடையாளங்களாவன: வெளியே கசிவின்றித் தண்ணீர் குறைதல், குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய ஒரு நிமிஷத்திற்குள் மேற்குழாய் கல்லைப்போல் இறுகுதல், புகைக்குழாயில் எஞ்சின் சூடேறியபின்னும் ஓயாத வெண்ணிற ஆவி, எண்ணெயின் அளவுகோலில் பால் கலந்தாற்போன்ற நிறம். எண்ணெய் மூடியின் அடியில் சிறிதளவு வெண்ணுரை மட்டும் காணப்பட்டால் அஞ்சற்க; குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்து அவ்வாறாகும். அவ்வாறே, தண்ணீரை மாற்றியபின் ரேடியேட்டர் வாயில் சில நேரம் குமிழிகள் எழுவது அடைபட்ட காற்று வெளியேறுவதாம். வண்டியின் முகப்பைச் சற்று உயர்த்தி, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து எஞ்சினை முடுக்கி, வாயில் திறக்குமளவும் ஓடவிட்டால் அவை ஓய்ந்துவிடும். ஓயாது எழுந்தால் மட்டுமே காஸ்கெட்டை ஐயுறுக. இந்நோயை வீட்டில் தீர்க்க முயல வேண்டாம். வண்டியை ஓட்டாமல் பணிமனைக்கு இழுத்துச் சென்று, இதுவரை கண்டவற்றைக் காகிதத்தில் எழுதித் தொழிலாளரிடம் கொடுத்து, தலைப்பகுதி சமமாயிருக்கின்றதா என்பதை அளந்த பின்னரே புதுக் காஸ்கெட் இடும்படி கேட்டுக்கொள்க.

மீண்டும் நிரப்புகையில் வெறுந்தண்ணீர் வேண்டா. பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் கூலண்ட் திரவமும் சரிபாதி கலந்தால் துருவும் சுண்ணாம்பும் தடுக்கப்படும். கொதிநிலையும் சில டிகிரி உயரும். இத்திரவத்திலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, கொடிய நஞ்சு. வடித்தெடுத்த பழைய திரவத்தை வாசலில் திறந்த வாளியில் விட்டுவைத்தால் நாயும் பூனையும் குடித்து மாளும், குழந்தைகளுக்கும் ஆபத்து. அதனைச் சாக்கடையிலும் ஊற்றாது, மூடியுள்ள புட்டியில் அடைத்து, பெயரெழுதி, பணிமனையில் ஒப்படைத்துவிடுக.